ஒன்பதாவது படி

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் கடை வாசலில் சப்மர்சிபிள் மோட்டார்கள் வரிசையாக வந்து படுத்துவிடும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போனது தெரியாமல் ஓடவிட்டு, சூடேறி, காயில் கருகிப் போனவை. ஐப்பசி மழை பிடித்துக் கண்மாய் பெருகிய பிறகுதான் அந்த வரிசை குறையும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது எனக்குத் தொழில் விஷயம். கேமரா வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிக்கான் டி5600 கேமராவைப் பழசாக வாங்கினேன். கூடவே 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் வந்தது. அப்புறம் சீட்டு எடுத்த பணத்தில், தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் 70-300 லென்ஸ் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், இதுதான் வீட்டில் போட்ட ஒப்பந்தம். முதல் வருஷம் எல்லாரும் எடுப்பதையே நானும் எடுத்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண், நிலையில் செதுக்கிய கஜலட்சுமி. குறை சொல்ல முடியாத அழகுதான். ஆனால் அந்தத் தூணை யார் நின்று எடுத்தாலும் அதே படம்தான் வருகிறது.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு மோட்டாரை மாட்டிக் கொடுக்கப் போன அன்றைக்கு எல்லாம் மாறியது. வீட்டுக்காரர்கள் வெளியூரில். காவலுக்கு இருந்த அண்ணன் ஒருவர்தான். வேலை முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான வளவில் ஒதுங்கி நின்றேன். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் நடு முற்றத்துக்குள் இறங்கியது. முதலில் தூசியும் சருகும் கலந்து தேநீர் நிறத்தில் வந்தது. அண்ணன் அண்டாவைத் தொடவே இல்லை.

“பிடிக்கலையாண்ணே?”

“முதத் தண்ணி ஓட்டைக் கழுவுற தண்ணி தம்பி. அது போகட்டும்.”

பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. அப்போதுதான் அண்டாவை இழுத்து மூலையில் வைத்தார். நிரம்பி வழிந்தது முற்றத்து ஓரத் துவாரத்தில் சுழித்துக்கொண்டு இறங்கியது. அது எங்கே போகிறது என்று கேட்டேன். “தெருக் காவாயில போயி ஊரணியில விழும். வேற எங்க போகும்?” என்றார். அவருக்கு அது கேள்வியே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீர் கூடவே நடந்தேன். வீட்டுக்கு வீடு ஓடை சேர்ந்து, தெருவுக்குத் தெரு பெருத்து, கடைசியில் செம்மண் நிறத்தில் ஊருணிக்குள் விழுந்தது. கையில் ஸ்பானர் பைதான் இருந்தது, கேமரா வீட்டில். அன்று எடுக்காத படம்தான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது.

எங்கள் பக்கம் பெரிய ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, விருசுழியாறு என்று பேர் இருக்கும், மழை நாள் தவிர மற்ற நாளில் மணல்தான் இருக்கும். விழுகிற மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டால்தான் உண்டு. அதற்குத்தான் ஊருணி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று இத்தனை பெயர். ஊர் உண்ணும் நீர் ஊருணி. வயலுக்குப் பாய்வது கண்மாய். வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், மடை வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சினால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்கு ஓடும். ஒன்றின் மிச்சம்தான் இன்னொன்றின் வரத்து. இது புரிந்த பிறகு நான் எங்கே நின்று படம் எடுப்பது என்பதே மாறிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் அழகாகத் தெரிகிற இடத்தில் நிற்பேன். இப்போது வாய்க்கால் வாயிலும் கலுங்கு ஓரத்திலும் போய் நிற்கிறேன். தண்ணீர் திரும்புகிற, விழுகிற, தயங்குகிற இடங்கள் அவைதான்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் குடிக்கிற ஊருணி ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் செம்புறாங்கல் படி. முதல் தடவை போனபோது, தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கிப் பிடிக்கலாம் என்று செருப்போடு படியில் இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்பு, செருப்பைக் கழட்டிட்டு மேல வா. இது குடிக்கிற தண்ணி.”

இடுப்பில் குடத்தோடு ஒரு அப்பத்தா நின்றார். நான் பதறிப்போய் மேலே ஏறிச் செருப்பைக் கழற்றினேன். குளிக்க வேறு ஊருணி, மாடு கன்றுக்கு வேறு ஊருணி, இதில் கால் கூடப் படக்கூடாது என்றார். கடைசிப் படிக்கு முந்தின படியில் குந்தி, குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். ஊரில் குழாய் இருக்கிறது, வீட்டில் போர் இருக்கிறது. பின்னே எதற்கு இது என்று கேட்டேன்.

“போர்த் தண்ணியில பருப்பு வேகுமா? இந்தத் தண்ணியில போட்டுப் பாரு, பூவா மலரும்.”

உண்மைதான். போர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அதில் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். ஊருணியில் நிற்பது மழைத் தண்ணீர், மென்மையான தண்ணீர். அந்தக் கால்சியம்தான் மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் வெள்ளை உப்பாகப் படிந்து நிற்பதை நான் தினம் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். மழை முடிந்த புதிதில் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தேத்தாங்கொட்டையைக் குடத்துக்குள் தேய்த்து வைப்பார்களாம், காலையில் மண் அடியில் படிந்து தெளிந்துவிடுமாம். முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று அப்பத்தா சொன்னார். “கையை எடுத்துக்கிறேன் அப்பத்தா” என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். துணி கட்டிய குடத்து வாயில் தண்ணீர் விழும்போது துணி குழிந்து, பிறகு மெல்ல எழும்பும். அந்தக் குழிவையும் அவர் பெருவிரலையும் சேர்த்து எடுத்த படம்தான் இதுவரை நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது.

அதே படித்துறையில்தான் அந்த ஒன்பதாவது படியைக் கவனித்தேன். மேலிருந்து எண்ணினால் ஒன்பதாவது. செம்புறாங்கல் தேன்கூடு மாதிரிப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அந்தப் படியில் மட்டும் ஒரு இடத்தில் பொத்தலெல்லாம் மழுங்கி, குடத்தின் அடி பொருந்துகிற அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். எத்தனை தலைமுறைக் குடம் அங்கே உட்கார்ந்து எழுந்திருக்கும் என்று தெரியாது. கை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. பள்ளத்தில் தேங்கிய ஒரு கை தண்ணீரில் நகக்கண் அளவு மீன்குஞ்சு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் போனபோது அந்தப் படி தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே வானம் மின்னியது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் போலரைசர் பில்டரின் அருமை எனக்குத் தெரிந்தது. லென்ஸ் முன்னால் மாட்டி, வளையத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் வரும்போது தண்ணீர் மேலே கிடந்த வெள்ளைப் பளபளப்பு விலகும், கண் முன்னாலேயே படி படியாக அடி தெரியும். ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாக் கோணத்திலும் இது நடக்காது. தண்ணீர்ப் பரப்பிலிருந்து 37 டிகிரி அளவுக்குச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுசாகக் கழியும். நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால் பில்டர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நான் ஒரு அளவு வைத்திருக்கிறேன்: நாலாவது படியில் குந்தி உட்கார்ந்து, ஒன்பதாவது படியைப் பார்த்தால் சரியாக வருகிறது. பில்டர் வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்னும், ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). காலை ஆறரை மணி வெளிச்சத்தில் கேமராவின் வெளிச்ச உணர்வை ஐஎஸ்ஓ 400-இல் வைத்துவிடுவேன்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, அதே நாலாவது படியில் உட்கார்ந்து, அதே ஒன்பதாவது படியை எடுக்கிறேன். லென்ஸ் 35 மில்லிமீட்டரில். இப்போது 42 படம் சேர்ந்திருக்கிறது.

மற்ற இடங்களுக்கும் போகத்தான் செய்கிறேன். பிள்ளையார்பட்டிக் கோயில் குளத்தில் கோபுரம் விழுகிற படத்துக்கு மூன்று ஞாயிறு வீணானது. படம் ஏன் மங்குகிறது என்று புரியவில்லை. தண்ணீரின் மேல் போகஸ் வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. தண்ணீரில் தெரியும் கோபுரம், கரையிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரத்தையும், தண்ணீரிலிருந்து கோபுரம் வரை உள்ள தூரத்தையும் கூட்டினால் எவ்வளவோ அவ்வளவு தொலைவில் இருக்கிற பொருள். கோபுரத்துக்குப் போகஸ் வைத்ததும் தண்ணீருக்குள் சிற்பம் சிற்பமாகத் தெளிந்தது. நிழல் எப்போதும் நிஜத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் வரும், அதைச் சரிக்கட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒரே வெளிச்சமாக்கிய படங்களைப் பார்த்தால் எது தண்ணீர் என்றே தெரிவதில்லை.

மார்கழி, தையில் வேட்டங்குடி. திருப்பத்தூர் தாண்டி மதுரை சாலையில் போக வேண்டும். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவித்தார்கள். மொத்தமே 38 ஹெக்டேர் சுமாருக்குத்தான். ஆனால் நல்ல மழை வருஷத்தில் கருவேல மரம் ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கூடு. நத்தை குத்தி நாரையை அங்கேதான் நிதானமாகப் பார்த்தேன். அலகின் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், மூடினாலும் மூடாது. தண்ணீருக்குள் அலகை விட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நத்தையை எடுத்துச் சதையை மட்டும் உருவி விழுங்குகிறது. ஓடு உடையாமல் கரையில் கிடக்கும். பக்கத்திலேயே வக்கா என்கிற இராக்கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே உள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடும் என்று. என் மகளை ஒரு தடவை கூட்டிப்போனேன். “ஊர்ல உள்ள பிள்ளைங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்களா அப்பா?” என்று கேட்டாள். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் மத்தாப்போடு நிறுத்திக்கொண்டாள். பறவை படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: கரையை விட்டு இறங்காதீர்கள், கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். 300 மில்லிமீட்டரில் எட்டாதது எட்டாமலே இருக்கட்டும்.

கோடையில் மீன்பிடி. கண்மாயில் தண்ணீர் முட்டிக்காலுக்கு வந்ததும் ஊரில் ஒரு நாள் குறிப்பார்கள். ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் நின்ற நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா என்கிற அடியில்லாத கூடையைச் சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு விராலைத் தடவிப் பிடிப்பார்கள். போன வருஷம் ஆர்வத்தில் கூட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டேன். சேறு லென்ஸ் மேல் தெறித்தது. பதற்றத்தில் வேட்டி முனையால் துடைத்தேன், மணல் கோடு போட்டுவிட்டது. முன்னால் யுவி பில்டர் கண்ணாடி மாட்டியிருந்ததால் லென்ஸ் பிழைத்தது. முதலில் காற்றை ஊதி மணலைப் போக்கிவிட்டுத்தான் துணி தொட வேண்டும். அடைமழைக் காலத்தில் இன்னொரு ஆபத்து பூஞ்சை. சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்குள் லென்ஸை வைக்கிறேன்.

பூங்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தம்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஊருணியைப் பூங்கா ஆக்கினார்கள். சுற்றி நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, கம்பி வேலி, சாயங்காலம் விளக்கு. பெரியவர்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் சறுக்கு விளையாடுகிறார்கள். அதெல்லாம் நல்லதுதான், நானும் அங்கே குழந்தைகளைப் படம் எடுத்திருக்கிறேன். ஆனால் நடைபாதை போடும்போது வடமேற்கு மூலையில் இருந்த வரத்துக் கால்வாயின் வாயை மூடிவிட்டார்கள். மழை பெய்யும்போது தெருத் தண்ணீர் வேலிக்கு வெளியே முழங்கால் அளவு நிற்கிறது, உள்ளே ஊருணி பாதிகூட நிரம்பவில்லை. அடுத்த வருஷமே ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டது. வேலை தொடங்குவதற்கு முன்னால் அதே மூலையில் நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, கால்வாய் வாயில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிற படம். அதையும், இப்போது அதே இடத்தில் பெஞ்சு இருக்கிற படத்தையும் பிரிண்ட் போட்டு, மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். பதில் வரவில்லை. இந்த மாதம் மறுபடியும் கொடுக்கப் போகிறேன். ஒரு குழாய் பதித்தால் போதும், நடைபாதையும் இருக்கும், தண்ணீரும் வரும்.

ஒன்பதாவது படியின் படங்களைக் கடைச் சுவரில் மாதவாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறுக்கு எட்டு அளவில் பிரிண்ட், ஒவ்வொன்றின் கீழும் தமிழ் மாதமும் தேதியும். அழகுக்காகத்தான் ஒட்டினேன். கருகிய மோட்டாரோடு வந்து காத்திருக்கிறவர்கள் அதைப் படிக்க ஆரம்பித்தார்கள். பள்ளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் போன மாசியில் சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

“போன வருஷம் பங்குனி கடைசியிலதானே தம்பி இந்தப் படி வெளிய தெரிஞ்சிச்சு?”

“ஆமாண்ணே.”

“இந்த வருஷம் மாசியிலயே தெரியுதே.”

விரலால் இரண்டு படத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். காயில் கட்டின மோட்டாரை எடுத்துக்கொண்டு போகும்போது கூடவே இருபது அடி குழாயும் வாங்கிக்கொண்டு போனார், மோட்டாரைக் கீழே இறக்கி மாட்ட. அந்தக் கோடையில் அவர் மோட்டார் திரும்பி வரவில்லை. இப்போது அவரைப் போல நாலைந்து பேர் கடைப் பக்கம் வந்தால் சுவரைப் பார்க்காமல் போவதில்லை. ஒரு மாதம் படம் ஒட்டத் தாமதமானால் எங்கே என்று கேட்கிறார்கள்.

அப்பத்தாவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன், குடத்துத் துணிப் படம். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “என் கை இம்புட்டுச் சுருங்கிப்போச்சா” என்றார். பிறகு, படத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, இது எந்த மாசம் என்று கேட்டார். தை என்றேன். “அதான்” என்று முந்தானையில் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிறு புரட்டாசிக் கடைசி. நாலாவது படியில் உட்கார்ந்தேன். ஒன்பதாவது படி காய்ந்து வெளுத்துக் கிடந்தது, பள்ளத்தில் ஒரு சொட்டு இல்லை, எறும்பு வரிசையாக அதைக் கடந்து போனது. தண்ணீர் பதினான்காவது படியில் நின்றது. வரத்துக் கால்வாயில் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் மண்வெட்டியோடு சருகும் பாலிதீனும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். படத்தை எடுத்துவிட்டு, கேமராவைப் பையில் வைத்து, நானும் ஒரு தட்டுக்கூடையை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு.